எத்தியோப்பியாவில் ஐந்து ஆண்டுகள்

(நமது சங்கத்தின் ஆசிரியர் தின மாலைக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை ஆற்றிய உரை. செய்திமடலுக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)



நம் குடியிருப்பில் பிள்ளைகள் வெளிநாட்டில் ஆசிரியர் வேலை பார்க்கும் வீடுகள் சில இருக்கின்றன. ஒரு வீட்டில் மகள் மாலத்தீவில் இருக்கிறாள், இன்னொரு வீட்டில் மருமகன் ஓமானில் இருக்கிறார். இந்த வருடம் மேலும் இரண்டு பேர் கிளம்பப் போகிறார்களாம். அதனால் "சுற்றிப் பார்த்த இடங்களைச் சொல்ல வேண்டாம், வகுப்பறையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்கும் அதுதான் பிடித்த விஷயம்.

நான் 2009 முதல் 2014 வரை எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தேன். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து பேருந்தில் ஆறு மணி நேரம் போக வேண்டிய ஊர். "ஏன் எத்தியோப்பியா? அங்கே பஞ்சம்தானே?" என்று கிளம்பும்போது கேட்காதவர்கள் இல்லை. உண்மையில் அந்த நாட்டுக்கும் இந்திய ஆசிரியர்களுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் புதிது புதிதாகப் பள்ளிகள் திறந்தபோது, இந்தியாவிலிருந்து ஏராளமான ஆசிரியர்களை வரவழைத்தார்கள். பேருந்தே போகாத ஊர்களில்கூட நம்மவர்கள் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 2000-க்குப் பிறகு அந்த அரசு நிறையப் பல்கலைக்கழகங்களைத் திறந்தது. அப்போது இரண்டாவது முறையாக இந்தியப் பேராசிரியர்கள் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

மணி மூன்று என்றால் எந்த மூன்று?

அங்கே போய் இறங்கியதும் முதலில் மாறுவது கடிகாரம். அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் உதிக்கும்போது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. நம் காலை 9 மணி அவர்களுக்கு 3 மணி. மாலை 6 மணிக்குப் பகல் முடிந்து, 7 மணிக்கு இரவு 1 மணி ஆகிவிடும்.

எங்களோடு புதிதாக வந்த ஒரு ஆசிரியர் நோட்டீஸ் போர்டில் "தேர்வு 3 மணிக்கு" என்று மட்டும் எழுதினார். அவர் நினைத்தது பிற்பகல் மூன்று. மாணவர்கள் காலை 9 மணிக்கே அரங்கில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் "ஹபேஷா கணக்கா, ஃபெரென்ஜ் கணக்கா?" என்று கேட்கப் பழகினோம். ஹபேஷா என்றால் அந்த நாட்டவர். ஃபெரென்ஜ் என்றால் வெளிநாட்டவர்.

இதைக் கேட்டு நாம் சிரிக்க வேண்டியதில்லை. நம் பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை என்று போட்டிருப்பதும் சூரிய உதயத்திலிருந்து எண்ணும் கணக்குதானே? அடிஸ் அபாபா ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. நம் தென்காசியும் அதே அட்சரேகையில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும். அங்கே உதயத்திலிருந்து மணி எண்ணுவது மிகவும் வசதியான ஏற்பாடு. ஆனால் தென்காசி மாதிரி வெயில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேல். ஊட்டியை விட உயரம். ஸ்வெட்டர் இல்லாமல் காலை வகுப்புக்குப் போக முடியாது.

நாட்காட்டியும் வேறு. வருடத்துக்குப் 13 மாதங்கள். 12 மாதங்களுக்குத் தலா 30 நாட்கள். பதின்மூன்றாவது மாதத்துக்கு 5 நாட்கள், சில வருடங்களில் 6. புத்தாண்டு செப்டம்பர் 11-ல் வரும், சில வருடங்களில் 12-ல். ஆண்டுக் கணக்கு நம்மை விட ஏழு, எட்டு வருடம் பின்னால் இருக்கும். நாம் 2000-ஐக் கொண்டாடி முடித்து ஏழு வருடங்களுக்குப் பிறகு, 2007 செப்டம்பரில் அவர்கள் 2000-ஐக் கொண்டாடினார்கள். ஒரு மாணவன் "நான் 1985-ல் பிறந்தேன்" என்று சொன்னால், நம் கணக்கில் அது 1992 அல்லது 1993. இது தெரியாமல் சான்றிதழைப் பார்த்தால், "இந்த வயதில் முதலாண்டு படிக்கிறானே, எத்தனை முறை தோற்றான்?" என்று தோன்றும். தவறு சான்றிதழிலும் இல்லை, பையனிடமும் இல்லை.

இனிஷியல் கேட்காத நாடு

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் "சர்நேம்" என்ற கட்டத்தைப் பார்த்து விழித்தவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேராவது இருப்பீர்கள். எத்தியோப்பியாவில் அந்த விழிப்பு இல்லை. அங்கே குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதன் பிறகு அப்பா பெயர். அவ்வளவுதான். நாம் அப்பா பெயரைச் சுருக்கி முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுதாகப் பின்னால் போடுகிறார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம். திருமணமானாலும் பெண்களின் பெயர் மாறாது. கடைசி வரை தன் பெயரும் அப்பா பெயரும்தான். கூப்பிடும்போதும் அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு ஆணுக்கு முன்னால் "ஆத்தோ", திருமணமான பெண்ணுக்கு முன்னால் "வெய்ஸரோ" என்று சேர்ப்பார்கள். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் இதே முறைதான். ஐந்து வருடமும் என்னைக் காய்கறிக் கடைக்காரர் முதல் துணைவேந்தர் வரை என் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். திரும்பி வந்து இந்த வளாகத்தில் குடியேறிய முதல் வாரமே நான் "பி பிளாக் மேனேஜர் சார் வீட்டம்மா" ஆகிவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன்!

எழுத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. அம்ஹாரிக் மொழி எழுத்து நம் உயிர்மெய் மாதிரி. அடிப்படை எழுத்து 33, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம். "ல, லு, லி, லா, லே, ல், லோ" என்று நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போலவே ராகம் போட்டுப் படிக்கிறார்கள். எழுத்தைக் கற்றுக்கொண்டால் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். என் வகுப்பில் நான் கரும்பலகையில் அம்ஹாரிக்கில் தேதி எழுதிய அன்று கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்குக் காரணம் உண்டு. எத்தியோப்பியா 1896-ல் அட்வா போரில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த நாடு. 1936 முதல் 1941 வரை இத்தாலி பிடித்து வைத்திருந்த சில வருடங்களைத் தவிர, அந்நிய ஆட்சி கிடையாது. அதனால் ஆங்கிலம் அவர்களுக்கு ஆண்டவர்களின் மொழியாக வரவில்லை. ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் படித்துவிட்டு, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில வழிக்கு மாறுகிறார்கள். ஒருவர் ஆங்கிலம் தடுமாறிப் பேசினால் அவர் அறிவை யாரும் குறைத்து எடைபோடுவதில்லை. நம் ஊரில் ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளை எப்படிக் கூனிக் குறுகி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அந்தக் கூச்சம் மிகக் குறைவு.

ஒரே தட்டு

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்களுடைய இஞ்செரா, டெஃப் என்ற சிறு தானிய மாவைப் புளிக்க வைத்துச் சுடுவது. பெரிய ஆப்பமா, தோசையா என்று கேட்டால் இரண்டுக்கும் நடுவில். அதன் மேலேயே பருப்பு, கீரை, கோஸ் எல்லாவற்றையும் பரிமாறி, ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து வலக்கையால் சாப்பிடுவார்கள்.

வேண்டியவர்களுக்கு ஒரு கவளத்தை உருட்டி வாயில் ஊட்டுவதும் உண்டு. அதற்குக் குர்ஷா என்று பெயர். நாமோ எச்சில், பத்து என்று பார்த்து வளர்ந்தவர்கள். நான் தண்ணீரைக்கூட அண்ணாந்து குடித்துப் பழகியவள். முதல் குர்ஷா என் முகத்துக்கு நேரே வந்தபோது, எங்கள் துறை அலுவலக உதவியாளர் அம்மாளின் கண்ணைப் பார்த்தேன். அதில் இருந்தது என் அம்மா எனக்கு நிலாச்சோறு ஊட்டியபோது இருந்த அதே பார்வை. வாயைத் திறந்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் நானும் ஒருத்தி.

சைவர்களுக்கு அந்த நாடு சொர்க்கம் என்றால் நம்புவீர்களா? அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம். ஈஸ்டருக்கு முன்னால் தொடர்ந்து 55 நாட்கள் விரதம். விரத உணவில் மாமிசம், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூடக் கிடையாது. எந்தச் சின்ன ஓட்டலிலும் "விரதச் சாப்பாடு" என்று கேட்டால் நமக்குக் கவலை இல்லை. மற்ற நாட்களிலும் நான் அதையே கேட்பதைப் பார்த்து, "இந்தியர்கள் வருடம் முழுக்க விரதம் இருக்கும் புண்ணியவான்கள்" என்று சிலர் நம்பியது உண்டு.

ஆனால் ஆசிரியருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய விரத நாட்களில் பலர் பிற்பகல் வரை எதுவும் சாப்பிட மாட்டார்கள். ரமலான் மாதத்தில் முஸ்லிம் மாணவர்கள் நோன்பு இருப்பார்கள். அந்த நேரத்தில் மதிய வகுப்பில் ஒரு மாணவன் மேசையில் தலை சாய்த்தால், அது என் பாடத்தின் மேல் உள்ள வெறுப்பு என்று எழுதி வைக்க முடியுமா? கடினமான தேற்றங்களைக் காலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மூச்சை இழுத்துச் சொல்லும் "ஆமாம்"

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எத்தியோப்பியர்கள் "ஆமாம்" என்பதற்கு "அவோ" என்பார்கள். பேச்சின் நடுவில் அதைப் பலர் வாயால் சொல்வதே இல்லை. சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், கூடவே புருவமும் உயரும். நாம் பாம்பைப் பார்த்தால் "ஹா" என்று இழுப்போமே, அந்த மாதிரி. "புரிகிறது, மேலே சொல்லுங்கள்" என்பது அதன் பொருள்.

எங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆசிரியர் பாடத்தில் கெட்டிக்காரர், மாணவர்களுக்காக உழைப்பவர். ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண்ணைப் பார்த்து "புரிந்ததா?" என்று கேட்டார். அவள் புருவத்தை உயர்த்தி மூச்சை இழுத்தாள். மறுபடி கேட்டார். மறுபடி அதே. கேலி செய்கிறாள் என்று நினைத்து வெளியே அனுப்பிவிட்டார். அந்த வாரத்து உள்மதிப்பீட்டில் பூஜ்யமும் போட்டார்.

அவள் கிராமத்திலிருந்து வந்தவள். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர் கோபப்பட்டால் எதிர்த்துக் கேட்கும் வழக்கமும் அங்கே இல்லை. வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அங்கே பருவ முடிவில் சராசரி குறைந்தால் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். ஊருக்குத் திரும்பும் பெண்ணுக்கு அதன் பிறகு பெரும்பாலும் கல்யாணம்தான், படிப்பு இல்லை. ஒரு மூச்சுக்கு இவ்வளவு விலை.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய அறைத்தோழி என்னிடம் வந்து சொன்னாள். நான் எங்கள் அலுவலக அம்மாளிடம் கேட்டேன். முதலில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பூஜ்யம் போட்ட விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்த் துறைத் தலைவரை அழைத்து வந்தார். அந்த ஆசிரியர் நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் மதிப்பெண்ணைத் திருத்தினார். வகுப்பு முழுக்கப் பார்க்க அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவித்தார். அவள் திரும்பி வந்தாள், தேர்ச்சியும் பெற்றாள்.

ஆனால் அந்தப் பருவம் முடியும் வரை அவருடைய வகுப்பில் அவள் வாய் திறந்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அதைக் கொடுக்க முடியவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நாம் தலையை இட வலமாக ஆட்டுகிறோமே, அது அவர்களுக்குப் பெரிய புதிர். ஒரு நாள் வகுப்புப் பிரதிநிதி என் அறைக்கு வந்து, மிகுந்த தயக்கத்தோடு, "டீச்சர், நீங்கள் தலையை அப்படி ஆட்டினால் விடை சரியா, தப்பா?" என்று கேட்டான். அவர்களுக்குள் பந்தயமே நடந்திருக்கிறது! நாங்கள் அவர்களைப் படிக்க முயன்றது போல அவர்களும் எங்களைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் எங்களைத் தப்பாகப் படித்தால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மதிப்பெண் பேனா எங்கள் கையில் இருந்தது. பேனா யார் கையில் இருக்கிறதோ, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பும் அவருடையதுதான்.

நம் வாசல் வரை

இதை நான் எத்தியோப்பியாவோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அஸ்ஸாமிலிருந்து வந்த செக்யூரிட்டி தம்பி, ஒரு பெரியம்மாவைப் பார்த்து "நீ எங்க போற?" என்று கேட்டுவிட்டார். மரியாதை தெரியாதவர், ஏஜென்சியிடம் சொல்லி மாற்றுங்கள் என்று பலர் எழுதியிருந்தார்கள்.

நான் எத்தியோப்பியா போன முதல் நாளே அந்த அலுவலக அம்மாள் எனக்கு "நீங்கள்" என்பதற்கான "எர்ஸ்வோ" என்ற சொல்லைத்தான் முதலில் கற்றுக் கொடுத்தார். என்னிடமும் அதைத்தான் பயன்படுத்தினார். அதனால் எனக்கு மரியாதையாகப் பேச வந்தது. அந்தச் செக்யூரிட்டி தம்பி தமிழ் கற்றுக்கொண்டது புத்தகத்திலா? "டேய் தம்பி, இங்க வா", "நீ கேட்டைத் திற", "நீ எங்க போன?" என்று நாம் பேசியதைக் கேட்டுத்தான். நாம் கொடுத்த சொல்லை அவர் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு "வாங்க, போங்க" காதில் விழவே இல்லை என்றால் அது எப்படி நாக்கில் வரும்?

அன்று அவரை மாற்றாமல் விட்டதற்குச் சங்கத்துக்கு என் நன்றி. இப்போது அவர் "மேடம் நீங்க எங்க போற?" என்கிறார். பாதி தூரம் வந்துவிட்டார். மீதிப் பாதி நம் கையில்.

கிளம்புகிறவர்களுக்கு

வெளிநாட்டுக்கு ஆசிரியர் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு விஷயங்கள்.

ஒன்று, முதல் மாதம் யாருக்கும் ஒழுங்கு நடவடிக்கை, பூஜ்யம் என்று எதுவும் எழுதாதீர்கள். பார்த்ததைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் படித்தால் பாதிக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

இரண்டு, உங்களுக்கு விளக்கம் சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். பேராசிரியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அலுவலக உதவியாளர், நூலகர், காவலாளி, யாராக இருந்தாலும் சரி. "இப்படிச் செய்தார்களே, உங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்று, "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எந்த நாட்டிலும் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது. ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். நோட்டு பொய் சொல்லாது.

நான்கு, ஊறுகாயும் பொடியும் எடுத்துக்கொண்டு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தியர்களோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் பக்கத்தில் யார் போனாலும் "என்ப்லா" என்பார்கள். "வாங்க, சாப்பிடலாம்" என்று பொருள். நமக்குத் தெரியாத வழக்கமா அது?

கடைசியாக ஓர் அழைப்பு. எத்தியோப்பியா காப்பி பிறந்த நாடு. அங்கே விருந்தாளி வந்தால் பச்சைக் காப்பிக்கொட்டையை அவர் கண் முன்னாலேயே வறுத்து, புகையை முகர்ந்து பார்க்கக் கொடுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்க வைத்து, மூன்று சுற்று தருவார்கள். அபோல், தோனா, பரக்கா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர் உண்டு. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்து போகக் கூடாது. அந்தக் கூஜா ஒன்று என் வீட்டில் இருக்கிறது. செப்டம்பர் 11 அவர்கள் புத்தாண்டு. அன்று மாலை 5 மணிக்கு, ஃபெரென்ஜ் கணக்கில் 5 மணிக்கு, விருப்பமுள்ளவர்கள் வீட்டுக்கு வாருங்கள். செக்யூரிட்டி தம்பியையும் அழைத்திருக்கிறேன். அவர் ஊர் தேயிலைக்குப் பேர்போனது. என் காப்பிக்கு அவர் என்ன மார்க் போடுகிறார் என்று பார்க்கலாம்.